நெகட்டிவ் தாளும் ரியாக்டிவ் தாளும்

அவர் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று மூன்று வருடம் பழையது. பர்சிலேயே வைத்திருந்ததில் மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தது. மற்றது முந்தைய நாள் கைப்பேசிக்கு வந்ததை மகள் அச்செடுத்துக் கொடுத்தது.

"டாக்டர், இதுல நெகட்டிவ். இதுல ரியாக்டிவ். நடுவுல மூணு ஊசி வேற போட்டிருக்கேன். எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

அதை மட்டும், கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ் அவர் உடம்பில் இருக்கிறதா என்று மட்டும், சொல்ல எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வயது 54. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1995-இல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தார், இப்போது துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நிரந்தரவாசி. உட்லண்ட்ஸில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மனைவி, தாதிமை படிக்கப் போகும் ஒரு மகள். சர்க்கரை இல்லை. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் குடிப்பார், அவ்வளவுதான்.

ஐந்து வருடமாக ருமட்டாய்டு மூட்டுவாதம். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டு வந்தார். கடந்த ஒரு வருடமாக அது போதவில்லை; காலையில் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. மருத்துவமனை மூட்டு நிபுணர், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ரிட்டுக்சிமாப் என்ற ஊசியை ஏற்றலாம் என்று முடிவு செய்து, அதற்கு முன்பு எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகளை எழுதினார். ரிசல்ட் வந்ததும் தாதி தொலைபேசியில் அழைத்து, "ஹெபடைட்டிஸ் பி ரியாக்டிவ்னு வந்திருக்கு, ஊசியைத் தள்ளி வைக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த சந்திப்புக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தைத் தாங்க முடியாமல்தான் குடும்ப மருத்துவரான என்னிடம் வந்தார்.

பழைய தாள்

நிறுவனம் ஊழியர்களுக்கு எடுத்துக்கொடுத்த உடல்நலப் பரிசோதனைத் தொகுப்பு. கொழுப்பு, சர்க்கரை, சிறுநீர் எல்லாம் வரிசையாக இருந்தன. ஹெபடைட்டிஸ் பி என்ற தலைப்பின் கீழ் இரண்டே வரி. எச்பிஎஸ்ஏஜி: நான்-ரியாக்டிவ், அதாவது இல்லை. ஆன்டி-எச்பிஎஸ்: 2-க்குக் கீழே. அடியில் ஒரு குறிப்பு: எதிர்ப்புச் சக்தி இல்லை, தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.

அந்த இரண்டு வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் குறிப்பில் தப்பில்லை. எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம், அதன் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தனக்குத் தேவையானதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகச் சட்டை தைத்து, உள்ளே ஆளில்லாத வெறும் சட்டைகளை ரத்தத்தில் மிதக்கவிடும். அதனால்தான் கிருமி இருக்கிறதா என்று தேட அது அவ்வளவு வசதியான அடையாளம். ஆன்டி-எச்பிஎஸ் அந்தச் சட்டைக்கு எதிராக உடம்பு செய்யும் ஆன்டிபாடி. தடுப்பூசியால் வருவதும் நோய் வந்து தீர்ந்தபின் வருவதும் இதுதான். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. சட்டையும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் இதுவரை கிருமியையே பார்க்காத உடம்பு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பாலித்தீன் உறையில் வைத்திருந்த தடுப்பூசி அட்டையையும் காட்டினார். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று ஊசி, தேதி தவறாமல். இரண்டு மாதம் கழித்து ஆன்டி-எச்பிஎஸ் பார்த்திருக்கிறார்கள். 4.

"ஊசி ஏறலைன்னுட்டாங்க டாக்டர். திரும்ப மூணு போடுங்கன்னாங்க. நான் போகல."

ஊசி ஏறாததற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நாற்பதைத் தாண்டிய ஆண், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர். இரண்டுமே தெரிந்த காரணங்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு முதல் சுற்று பிடிக்காது. எளிய விளக்கம் கையிலேயே இருந்தது, அதனால் இன்னொரு விளக்கத்தை யாரும் தேடவில்லை. ஏற்கெனவே கிருமி புகுந்துபோன உடம்பிலும் ஊசி சில சமயம் இப்படி வழுக்கும். அந்த 4 வந்த அன்றே ஒரே ஒரு பரிசோதனை கூடுதலாக எடுத்திருந்தால் இந்தக் கதை இரண்டு வருடம் முன்பே முடிந்திருக்கும்.

புதிய தாள்

இதில் மூன்று வரி.

எச்பிஎஸ்ஏஜி: 0.38, நான்-ரியாக்டிவ்.
ஆன்டி-எச்பிஎஸ்: 3.
ஆன்டி-எச்பிசி மொத்தம்: 0.01, ரியாக்டிவ்.

அவர் விரலை முதலில் 0.38-இலும் பிறகு 0.01-இலும் வைத்தார். "0.38 இருந்தா இல்லைங்குது. 0.01 இருந்தா இருக்குங்குது. என்ன கணக்கு டாக்டர் இது?"

நல்ல கேள்வி. மகளும் இதே எண்ணைப் பார்த்துவிட்டு, "0.01 தானேப்பா, ஒண்ணுமே இல்லாத மாதிரிதான்" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். இதே வரியை இப்படியே படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனவர்களை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன்.

விஷயம் கருவியில் இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி பரிசோதனை நேர்வழி: தேடும் பொருள் அதிகமாக இருந்தால் கருவியில் ஒளி அதிகமாக வரும், எண் 1-ஐத் தாண்டினால் ரியாக்டிவ். மூன்றாவது வரியான ஆன்டி-எச்பிசியை, அதாவது கோர் ஆன்டிபாடி பரிசோதனையை, ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் சில கருவிகள் போட்டி முறையில் செய்கின்றன. பெருவிரைவு ரயில் பெட்டியில் இருக்கைகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் நிலையத்தில் நோயாளியின் ஆன்டிபாடிகள் ஏறுகின்றன. அடுத்த நிலையத்தில் ஒளிவிளக்கு மாட்டிய ஆன்டிபாடிகளை ஆய்வகம் ஏற்றிவிடுகிறது. இடம் கிடைத்தவை மட்டும் பெட்டியில் இருக்கும், மற்றவை இறங்கிவிடும். நோயாளியிடம் ஆன்டிபாடி நிறைய இருந்தால் இருக்கை எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிடும், விளக்குக்காரர்களுக்கு இடமில்லை, பெட்டி இருட்டு. அதனால் அங்கே எண் குறையக் குறைய விடை ரியாக்டிவ் பக்கம் போகிறது. 1-க்கு மேல் இருந்தால்தான் இல்லை என்று பொருள். 0.01 என்பது ஏறக்குறைய முழு இருட்டு.

வேறு நிறுவனத்தின் கருவியில் இதே பரிசோதனை நேர்வழியில் இருக்கலாம். ஆகவே எண்ணை விடுங்கள், பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படியுங்கள் என்றேன். எண்ணைக் காட்டாமல் சொல்லை மட்டும் அச்சடித்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆய்வக நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோர் வரி மட்டும் தனியாக நிற்கும்போது

சட்டைக்குள்ளே இருக்கும் உடல்தான் கோர். அது ரத்தத்தில் தனியாக மிதக்காது, அதனால் அதை நேரே தேட முடியாது. அதற்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் பார்க்கிறோம். தடுப்பூசியில் இருப்பது வெறும் சட்டைப் புரதம். எனவே எத்தனை ஊசி போட்டாலும் கோர் ஆன்டிபாடி வராது. அது வந்தால் உண்மையான வைரஸ் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கத் தங்கும். மூன்று வரிகளில் இது ஒன்றுதான் பழைய கதையைச் சொல்லும் வரி. மலிவான தொகுப்புகளில் விடுபட்டுப் போவதும் இந்த வரிதான்.

கோர் மட்டும் ரியாக்டிவ், மற்ற இரண்டும் இல்லை என்றால் நாலு கதை இருக்கலாம். ஒன்று, எப்போதோ வந்து தீர்ந்துபோய், வருடங்கள் ஓடியதில் சட்டை ஆன்டிபாடி கரைந்துவிட்டது. இரண்டு, கிருமி மிகக் குறைந்த அளவில் கல்லீரலில் பதுங்கியிருக்கிறது, சட்டை கருவிக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. மூன்று, சமீபத்தில் தொற்றி, சட்டை மறைந்து ஆன்டிபாடி இன்னும் தோன்றாத சில வாரங்களில் ரத்தம் எடுத்திருக்கிறோம். நாலாவது, பரிசோதனையே பொய்.

நாலாவதிலிருந்துதான் தொடங்கினேன். அதற்குக் காரணம் அவர் தலைமுடி.

"முடி கொட்டுதுன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாண்ணே?"

கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். மெத்தோட்ரெக்சேட் முடியைக் கொட்ட வைக்கும். யாரோ சொன்னார்கள் என்று செராங்கூன் ரோட்டில் பயோட்டின் என்ற வைட்டமின் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒரு மாத்திரை 10 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம் அளவுதான்; இது முந்நூறு மடங்குக்கு மேல். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கொக்கி மாட்டும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும், ஒளி குறையும். நேர்வழிப் பரிசோதனையில் அது பொய்யான நெகட்டிவ். போட்டி முறையில் பொய்யான ரியாக்டிவ். அப்படியானால் எச்பிஎஸ்ஏஜியின் நான்-ரியாக்டிவும் கோரின் ரியாக்டிவும் இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. பயோட்டின் சில பரிசோதனைகளைக் கெடுக்கும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து ரத்தம் எடுத்து, வேறு வகைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கூடவே புதிதாகத் தொற்றும்போது தோன்றும் கோர் ஐஜிஎம் ஆன்டிபாடி, வைரஸ் டிஎன்ஏ, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி. உள்ளுக்குள் இது பயோட்டினாகவே இருந்துவிடாதா என்று ஒரு ஆசை, ஒத்துக்கொள்கிறேன்.

இல்லை. எச்பிஎஸ்ஏஜி மீண்டும் நான்-ரியாக்டிவ், கோர் மீண்டும் ரியாக்டிவ். ஐஜிஎம் இல்லை, ஆகவே சமீபத்திய தொற்று என்ற மூன்றாவது கதை கழன்றது. ஏஎல்டி 28, இயல்பான அளவு. டிஎன்ஏ கண்டறியப்படவில்லை.

மிஞ்சியவை முதலும் இரண்டாவதும். ஒரே ஒரு டிஎன்ஏ பரிசோதனை இரண்டையும் முழுதாகப் பிரித்துவிடாது. பதுங்கிய கிருமி அவ்வப்போதுதான் தலைகாட்டும்.

கேட்க மறந்த கேள்வி

இவ்வளவு ஆன பிறகுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் உண்டா?

"அம்மா. 98-ல. வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளாகி... 56 வயசு. காமாலைன்னுதான் சொன்னாங்க. நான் இங்கேருந்து போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பிகூட குவைத் போக மெடிக்கல் எடுத்தான், அன்ஃபிட்னுட்டாங்க. மஞ்சக் காமாலை கிருமி இருக்குன்னு."

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் மருத்துவச் சோதனையில் எச்பிஎஸ்ஏஜி உண்டு. பாசிட்டிவ் என்றால் விசா இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்குத் தங்கள் உடம்பில் இந்தக் கிருமி இருப்பது தெரியவந்ததே இப்படித்தான்.

இப்போது தாளில் இருந்த மூன்று வரிக்கும் ஒரு முகம் கிடைத்தது. அநேகமாக அம்மாவிடம் இருந்திருக்கிறது. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்தபின் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிலைக்கும். தம்பிக்கு நிலைத்தது. அண்ணனுக்குச் சின்ன வயதில் வந்து தீர்ந்திருக்கலாம், அல்லது நிலைத்து, பல வருடம் கழித்துச் சட்டை தானாக மறைந்திருக்கலாம்; நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில் அப்படி நடப்பதுண்டு. எதுவானாலும் இந்த ரியாக்டிவ் பொய்யில்லை.

சிங்கப்பூரில் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு 1985 அக்டோபரிலும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987 செப்டம்பரிலும் தடுப்பூசி தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2002-இல் சில இடங்களில் தொடங்கி நாடு முழுக்கப் பரவியது 2011-இல்தான். அவர் பிறந்த காலத்தில் தடுப்பூசியே கிடையாது. இங்கே வளர்ந்த ஒருவரின் தாளையும், தமிழ்நாட்டில் வளர்ந்து 25 வயதில் வந்த ஒருவரின் தாளையும் ஒரே கண்ணால் படிக்க முடியாது. கோர் வரி இல்லாத தொகுப்பு முதல் ஆளுக்கு ஒருவேளை போதும், இரண்டாம் ஆளுக்குப் போதாது.

முடிவு

"அப்ப இருக்கா இல்லையா?"

"நோய் இல்லண்ணே. கிருமியோட விதை இருக்கு."

இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் கருவுக்குள் தன் டிஎன்ஏவை ஒரு சிறு வளையமாக மூடி வைத்துவிடும். ரத்தத்தில் எதுவும் தெரியாத காலத்திலும் அந்த வளையம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி காவல் இருக்கும்வரை அது தூங்கும். ரிட்டுக்சிமாப் செய்வது அந்தக் காவலர்களில் ஒரு பிரிவான பி செல்களைக் கூண்டோடு நீக்குவது. பிறகு வைரஸ் எழுந்தால் கல்லீரல் செயலிழந்து சாவு வரை போகலாம். 2013-இல் அமெரிக்காவில் இந்த மருந்தின் குறிப்பேட்டில் இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகவே சேர்த்தார்கள். கோர் மட்டும் பாசிட்டிவாக இருப்பவர்களும் அதில் அடக்கம்.

மூட்டு நிபுணருக்குக் கடிதம் எழுதினேன்; அவர் கல்லீரல் நிபுணரைச் சேர்த்துக்கொண்டார். ஊசிக்கு முன்பே வைரஸை அடக்கும் என்டெக்கவிர் 0.5 மில்லிகிராம் தொடங்கினார்கள், தினம் ஒன்று. கடைசி ரிட்டுக்சிமாப் முடிந்து குறைந்தது 12 மாதம் அது தொடரும். 18 மாதம் என்று சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு. நிறுத்திய பிறகும் ஒரு வருடம் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை, மாத்திரைக்குப் பின்னும் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. ஷிஃப்ட் முடிந்து ஒன்பது மணிக்குச் சாப்பிடுபவர், பதினொன்றரைக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்திருக்கிறார்.

வீட்டில் நடந்ததை அடுத்த வருகையில் மனைவி சொன்னார். ரியாக்டிவ் என்று கேட்ட அன்றே கணவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாறிப்போகாமல் இருக்க எவர்சில்வர் டம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"அக்கா, அது சாப்பாட்டுல பரவாது. எச்சில் தட்டுலயும் பரவாது. ரத்தத்துல, உறவுல, பிரசவத்துல பரவும். அவர் ரத்தத்துல இப்ப கிருமியே தெரியல" என்றேன். கடல் சிப்பி, அசுத்த நீர் என்று நாம் பயப்படுவது ஹெபடைட்டிஸ் ஏ. இரண்டும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு நம்மைக் குழப்புகின்றன.

மனைவிக்கும் பரிசோதனை எடுத்தேன். எச்பிஎஸ்ஏஜி இல்லை, ஆன்டி-எச்பிஎஸ் 312, கோர் ரியாக்டிவ். இயற்கையாக வந்து, தெரியாமலே தீர்ந்தது. "எனக்குக் காமாலையே வந்ததில்லையே" என்று வாதாடினார். சின்ன வயதில் வந்தால் பெரும்பாலும் காமாலை தெரியாது. இவருக்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நாளைக்கு வேறு காரணத்துக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்க வந்தால் மட்டும் மருத்துவரிடம் கோர் ரியாக்டிவ் என்று சொல்ல வேண்டும்.

மகளின் தாள் இன்னொரு ரகம். தாதிமைப் படிப்பில் சேர எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்ட வேண்டும். எச்பிஎஸ்ஏஜி இல்லை, கோர் இல்லை, ஆன்டி-எச்பிஎஸ் 6. அப்பாவிடமிருந்து தொற்றி, அவரைப் போலவே தனக்கும் ஊசி பிடிக்கவில்லை என்று நினைத்து அழுதிருக்கிறாள். கோர் வரியைக் காட்டினேன்: கிருமி அவளைத் தொட்டதே இல்லை. பிறந்தபோது போட்ட ஊசியின் ஆன்டிபாடி இருபது வருடத்தில் 10-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். எண் இறங்கினாலும் உடம்பின் ஞாபகம் போவதில்லை. ஒரே ஒரு ஊசி போட்டு ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் 1000-க்கு மேல். அப்பாவுக்கு மூன்று ஊசியில் 4, மகளுக்கு ஒன்றில் ஆயிரம். இரண்டு பேர் தாளிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை என்றுதான் ஆய்வகம் எழுதியிருந்தது.

தம்பி

இந்த வீட்டில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய ஆள் இந்த வீட்டிலேயே இல்லை. குவைத் கைவிட்டுப் போனபின் தம்பி ஊரில் லாரி ஓட்டுகிறார். அன்று யாரோ, "கேரியர்தான், பயமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மண்டலம் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், அத்தோடு முடிந்தது.

கீழாநெல்லியைக் கேலி செய்ய நான் தயாரில்லை. 1988-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், அதைச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக லான்செட் இதழில் வந்தது. இந்த எச்பிஎஸ்ஏஜியையே கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்கும் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஊரில் முதல் பாதி மட்டும்தான் பரவியது.

அண்ணன் வற்புறுத்திய பிறகு தம்பி ரத்தம் கொடுத்தார். தாள் வாட்ஸ்அப்பில் வந்தது: எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், எச்பிஇஏஜி நெகட்டிவ், ஆன்டி-எச்பிஇ பாசிட்டிவ். ஆய்வகத்தில், "ஈ நெகட்டிவ், கிருமி பெருகல, நல்ல ரிசல்ட்" என்று சொன்னார்களாம். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் படித்தோம். எச்பிஇஏஜி என்பது வைரஸ் மும்முரமாகப் பெருகும்போது வெளியே கொட்டும் புரதம். ஆனால் சில வைரஸ்கள் மரபு மாற்றத்தால் அந்தப் புரதத்தைச் செய்வதையே விட்டுவிட்டு, பெருகுவதை மட்டும் தொடரும். ஆகவே ஈ நெகட்டிவ் என்று பார்த்ததும் டிஎன்ஏவையும் ஏஎல்டியையும் பார்க்க வேண்டும். பார்த்தார்கள். டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு 48,000 யூனிட், ஏஎல்டி 76. டிஎன்ஏ 2,000-க்கு மேல், கூடவே ஏஎல்டியும் அதிகம் என்றால் மருந்து தொடங்க வேண்டியவர். வயது 49, தாய் கல்லீரல் நோயில் போனவர். மருந்தோடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் வேண்டும்.

இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் டெனோஃபோவிர் வாங்கத் தொடங்கிவிட்டார். முதல் ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, கல்லீரல் ஓரம் லேசாகச் சொரசொரப்பு.

போன மாதம் அண்ணன் வந்திருந்தார். ரிட்டுக்சிமாப் இரண்டு ஊசியும் ஏற்றியாகிவிட்டது. ஏஎல்டி 24, டிஎன்ஏ இல்லை. சட்டைப் பொத்தானை அவரே போட்டிருந்தார். டம்ளரில் இருந்த பொட்டை மனைவி சுரண்டிவிட்டாராம், ஆனால் லேசாகத் தெரிகிறதாம்.

"திருவாரூர்ல தங்கச்சி இருக்கா டாக்டர். அவதான் டெஸ்ட் எடுக்கப் பயப்படுறா. பொங்கலுக்குப் போறேன், நானே கூட்டிட்டுப் போயிடுறேன். என்ன எடுக்கணும்னு எழுதிக் கொடுங்க, அங்க போய் ரெண்டோட நிறுத்திடப் போறாங்க."

பர்சிலிருந்து பழைய தாளை எடுத்து, திருப்பி நீட்டினார். மடிப்பைத் தவிர்த்து, பின்பக்கம் மூன்று பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.